மூக்கில்லாத டீமேக்கரும் சீனத்துத் தேயிலையும்

அந்தச் சீனப் பெண்மணி காகிதத்தைப் பிரித்ததும் எங்கள் தோட்டத்து மேனேஜர் பெரியதுரை இரண்டடி பின்னால் போனார்.

உள்ளே இருந்தது தேயிலை என்றார்கள். பார்வைக்கு வறட்டி போல இருந்தது. வட்டமாக, தட்டையாக, கன்னங்கரேல் என்று, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு. அந்த அம்மா சின்னக் கத்தியால் ஓரத்தை நெம்பி, உடைந்த துண்டைக் கையில் வைத்து எங்கள் முன்னால் நீட்டினார். மொழிபெயர்க்க வந்திருந்த துலானி அவசரமாகக் கைக்குட்டையைத் தேடினாள். பெரியதுரை ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான்தானே டீமேக்கர். அந்த ஸ்டோரில் (தேயிலை ஃபேக்டரிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்) எது நல்ல தூள், எது கெட்ட தூள் என்று சொல்ல வேண்டிய மூக்கு என் முகத்தில்தான் இருந்தது.

துண்டை வாங்கி மூக்கோடு வைத்து நெஞ்சு நிறைய மூச்சிழுத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். இன்னொரு தரமும் இழுத்தேன்.

சீனத்து அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. இலங்கைக்கு வந்த நாளிலிருந்து அதை முகம் சுளிக்காமல் முகர்ந்த முதல் ஆள் நான்தானாம். துலானி கைக்குட்டைக்குள்ளிருந்து சிங்களத்தில் சொன்னாள். தமிழ் அவளுக்கு விளங்கும், பேச்சு மட்டும் சிங்களம்.

அவர்கள் யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. எனக்கு ஐந்து மாதமாக எந்த வாசமும் தெரியாது.

பருப்பு கருகிய நாள்

ஊரே முகக்கவசம் போட்டுத் திரிந்த காலத்தின் கடைசியில்தான் எனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. எல்லாருக்கும் வந்தது போல வந்தது, எல்லாருக்கும் போனது போல போனது. போகும்போது என் மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதை நான் உடனே கவனிக்கவில்லை.

கவனித்தவள் என் மனைவி ஸ்டெல்லா. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு, "பாத்துக்குங்க" என்று சொல்லி பக்கத்து வீட்டுக்குப் போனாள். நான் அடுப்புக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். அவள் ஓடிவந்தபோது சமையலறை முழுக்கப் புகை. நான் விளையாட்டுப் பக்கத்தில் இருந்தேன்.

"என்னங்க, தூங்கிட்டீங்களா?"

"இல்லையே. ஏன்?"

அவள் கருகிய சட்டியை என் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். நான் சட்டியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் அலமாரியிலிருந்து கருவாட்டு டப்பா வந்தது, மண்ணெண்ணெய்ப் போத்தல் வந்தது, தலைவலித் தைலம் வந்தது. தைலம் மட்டும் கொஞ்சம் எரிந்தது. மற்றதெல்லாம் வெறும் காற்று.

ஹட்டனில் டொக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, "வந்துரும். சிலருக்கு ஒரு மாசம், சிலருக்கு ஒரு வருஷம்" என்றார். நல்ல மனிதர். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

கருவாட்டு ஐயா

என் மூக்கைப் பற்றி நானே சொல்லக்கூடாது. ஆனாலும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் எதை இழந்தேன் என்று விளங்காது.

தேயிலை எந்த வாசத்தையும் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் பெயிண்ட் இருந்தால் பெயிண்ட், வெங்காயம் இருந்தால் வெங்காயம். பூண்டுலோயா பக்கம் ஒரு ஸ்டோரில் சின்ன வேலையில் சேர்ந்திருந்த காலத்தில் ஒரு நாள், தூள் மூட்டை கட்டும் அறையில் கருவாட்டு வாசம் அடிக்கிறது என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. நான் அடம்பிடித்ததில் மூட்டை கட்டுவதை நிறுத்தி, அறையைக் குடைந்து தேடினார்கள். கூரைக்கும் சுவருக்கும் இடையில், ஒரு பூனை கொண்டுவந்து வைத்த கருவாட்டுத் தலை ஒன்று கிடைத்தது. தீப்பெட்டி அளவு.

அன்றிலிருந்து எனக்குக் 'கருவாட்டு ஐயா' என்று பெயர். அந்தப் பெயர் என்னோடு பஸ் ஏறி ஸ்டோர் ஸ்டோராக வந்தது. இந்தத் தலவாக்கலைப் பக்கத்து ஸ்டோருக்கு நான் டீமேக்கராக வந்து இறங்கிய முதல் நாளே ஒருவர், "நீங்கதானுங்களா அந்தக் கருவாட்டு ஐயா?" என்று கேட்டார். இந்தத் தொடரின் போன வார அத்தியாயத்தைப் படித்துவிட்டு நோர்வூட்டிலிருந்து கூப்பிட்ட வாசகரும் அப்படித்தான் கேட்டார். சந்தோஷம்.

அப்படிப்பட்ட மூக்கு.

உள்ளங்கையில் பெருங்காயம்

அரைத்த தேயிலைக் கொழுந்தை மேசையில் பரப்பி வைப்போம். பச்சையாக இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பு நிறத்துக்கு மாறும். புல் வெட்டிய வாசம் போய் பழ வாசம் வரும். அந்த நேரம் பார்த்து அடுப்புக்கு அனுப்ப வேண்டும். முந்தினால் கசக்கும், பிந்தினால் சப்பென்று போய்விடும். மெஷின் இருக்கிறது, கடிகாரம் இருக்கிறது, இருந்தாலும் கடைசி வார்த்தை டீமேக்கரின் மூக்குக்குத்தான்.

எனக்கு நிறம் தெரிந்தது. அதை வைத்து ஒரு வாரம் ஓட்டினேன். வழக்கம்போல ஒரு பிடி அள்ளி முகர்வேன், யோசிப்பது போல நிற்பேன், "போடலாம்" என்பேன்.

மேசையில் வேலை செய்தவர்களில் பாக்கியம் என்று ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். ஸ்டோரிலேயே இருபது வருஷம். அதிகம் பேசமாட்டாள். ஒரு நாள் நான் "போடலாம்" என்றதும், "ஐயா, இன்னும் பச்ச வாசம் அடிக்குதுங்களே" என்றாள்.

"நான் சொன்னா சரியா இருக்கும்" என்றேன், டீமேக்கர் குரலில்.

அடுத்த நாள் அவளே ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தாள். "இது எப்படிங்கய்யா?"

அவள் கையோடு சேர்த்து முகர்ந்தேன். "அருமை. இப்பதான் சரியா வந்திருக்கு."

அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். பிறகு கொழுந்தை மெல்ல விலக்கிக் காட்டினாள். உள்ளங்கையில் நெல்லிக்காய் அளவுக்குக் கூட்டுப் பெருங்காயம் இருந்தது.

"எத்தன நாளாங்கய்யா?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெருங்காயத்தால் இல்லை.

நாங்கள் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். கொழுந்து பதமானால் பாக்கியம் தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டுவாள். ஆகவில்லை என்றால் சும்மா இருப்பாள். நான் முகர்ந்துகொண்டே அவள் தலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பதிலுக்கு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "எங்களுக்குத் தேத்தண்ணி போட அந்தக் குப்பைத் தூளக் குடுக்காதீங்க. நாங்க செய்யுற தூள ஒரு நாளாவது நாங்க குடிச்சுப் பாக்கணும்ங்க."

அந்த மாதத்திலிருந்து எங்கள் ஸ்டோர்த் தேத்தண்ணியைக் குடிக்க மற்ற டிவிசன் ஆட்களும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

பூவரசு

அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சீனத்து அம்மா, லின் அம்மா, வந்தார். வியாபாரி. அவர் கொண்டுவந்த தேயிலைக்குப் பூஎர் என்று பெயர். எங்கள் ஸ்டோரில் ஒரே நாளில் அது 'பூவரசு' ஆகிவிட்டது.

நாங்கள் புளிக்க வைப்பது மணிக்கணக்கு. அவர்கள் புளிக்க வைப்பது வருஷக்கணக்கு. கொழுந்தை ஈரத்தோடு குவித்து, மூடி, பூஞ்சை பிடிக்கவிட்டு, வட்டமாக அழுத்திக் கட்டி, பத்து வருஷம்கூட அடுக்கி வைப்பார்களாம். நாள் ஆக ஆக மதிப்பு கூடுமாம். எங்கள் ஊரில் ஒரு டீமேக்கர் தூளைப் பூஞ்சை பிடிக்கவிட்டால் மறுநாள் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

அந்தத் தேயிலையோடு எங்கள் தூளையும் நம்நாட்டுக் கறுவாப்பட்டை, ஏலம், கராம்பு எல்லாவற்றையும் கலந்து புதுச் சரக்கு ஒன்று செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம். கலந்து பொதி கட்ட ஒரு ஸ்டோர் தேடினார். எங்களுக்கு அது பெரிய காரியம். கொழுந்து குறைந்து ஸ்டோர் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. ஸ்டோரை மூடிவிட்டுக் கொழுந்தை வேறு தோட்டத்துக்கு ஏற்றப்போகிறார்கள் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் பேச்சு.

"சேவியர், இந்த அம்மா சரின்னு சொல்லிட்டா நாம தப்பிச்சோம்" என்று பெரியதுரை முதல் நாளே சொல்லிவிட்டார். சிங்களவர், ஆனால் மலையில் இருபது வருஷம் இருந்து எங்களை மாதிரியே தமிழ் பேசுவார். "உங்க மூக்கைத்தான் நம்பியிருக்கேன்."

நான் பாக்கியத்தை நம்பியிருந்தேன். சுவை பார்க்கும் அறைக்குள் மேசைத் தொழிலாளிகள் வரும் வழக்கமில்லை. வெந்நீர் கொண்டுவரும் ஆள் லீவு என்று சொல்லி அவள் கையில் கேத்தலைக் கொடுத்து உள்ளே கொண்டுவந்தேன். மற்றவர்களுக்குப் பின்னால், எனக்கு நேர் எதிரே, சுவரோரம் நின்றாள்.

மூன்று கோப்பை

லின் அம்மா மூன்று பொட்டலம் எடுத்து வைத்தார். மூன்று வெவ்வேறு வட்டத் தேயிலையிலிருந்து உடைத்தது, மூன்றிலும் ஒரே மசாலா. கறுவா, ஏலம், கராம்பு, இஞ்சி, அப்புறம் அவர்கள் ஊர் மிளகு. பாக்கியம் வெந்நீர் ஊற்றினாள். மூன்று வெள்ளைக் கோப்பையிலும் சாயம் தார் மாதிரி இறங்கியது.

முதல் கோப்பை. கரண்டியால் அள்ளி, எங்கள் வழக்கப்படி 'சர்ர்' என்று உறிஞ்சினேன். நாக்கில் இஞ்சி எரிந்தது. பிறகு அந்த மிளகு வேலையைக் காட்டியது. உதடு மரத்தது. நாக்கு மரத்தது. பல் பிடுங்க ஊசி போட்டது போல ஆகிவிட்டது. ஏற்கெனவே மூக்கு இல்லை. இப்போது வாயும் போய்விட்டது.

"என்ன தெரிகிறது என்று கேட்கிறார்" என்றாள் துலானி.

நான் பாக்கியத்தைப் பார்த்தேன். எங்களிடம் இருந்தது தலைத்துண்டு சைகை ஒன்றுதான். அது இங்கே உதவாது என்று அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். கேத்தலைக் கீழே வைத்தாள். விரல்களை மேலிருந்து கீழே ஆட்டினாள். மழை. பிறகு முதுகில் எதையோ தூக்கிக்கொண்டு குனிந்து நடப்பது போலச் செய்தாள்.

"மழை..." என்றேன், மரத்த வாயோடு. "மழை விட்ட பிறகு... மலை ஏறிப் போகும்போது வருகிற வாசம்."

துலானி சொன்னாள். லின் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். பெரியதுரை என் தோளில் தட்டினார்.

பாக்கியம் சொல்ல வந்தது மழையில் நனைந்த சாக்கு. அதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் கோப்பை. பாக்கியம் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மாட்டில் பால் கறந்தாள்.

"பால்" என்றேன் உடனே. "கறந்த பாலின் இனிமை."

லின் அம்மா அதையும் எழுதினார். பாக்கியம் தலையில் அடித்துக்கொண்டாள். மாட்டுக் கொட்டில் என்று சொல்வதற்கு மனுஷி வேறு என்னதான் செய்வாள்?

மூன்றாம் கோப்பையின் மூடியைத் திறந்ததும் பாக்கியத்தின் முகம் மாறியது. தலையை இரண்டு பக்கமும் வேகமாக ஆட்டினாள். கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சில் குத்திக்கொண்டாள்.

"இது..." என்றேன் கரண்டியை எடுத்துக்கொண்டே, "இது நெஞ்சைத் தொடுகிறது."

கரண்டி உதட்டுக்குக் கிட்டப் போய்விட்டது.

"ஐயா! அதக் குடிக்காதீங்க! அது கெட்டுப்போச்சுங்க!"

கரண்டியைக் கோப்பையிலேயே போட்டேன். 

எனக்கு மூக்கு இல்லை

பெரியதுரை மெதுவாகத் திரும்பினார். "பாக்கியம், உனக்கு இதுல என்ன?"

அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டாள். ஆனாலும் பின்வாங்கவில்லை. "மத்த ரெண்டும் நாத்தம்தாங்க துரை. ஆனா அது ஒரு மாதிரி உசுரோட இருக்குற நாத்தம். இது அழுகின நாத்தம். கராம்பு போட்டு மறைச்சிருக்கு. குடிச்சா வயித்துக்கு ஆகாது."

பெரியதுரை என்னைப் பார்த்தார். "சேவியர்?"

சமாளித்திருக்கலாம். சோதித்துப் பார்க்கத்தான் அப்படிச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். நான் அதைச் சொன்னால், துரைமார் நடுவில் வாய் போட்டதற்கு அவளுக்குத்தான் கிடைக்கும். அந்த அறைக்குள் அவளைக் கூட்டிவந்தது நான்.

"சார், எனக்கு மூக்கு இல்ல" என்றேன். வாய் மரத்திருந்ததால் அது 'மூச்சு இல்ல' என்று விழுந்தது. பெரியதுரை பதறி நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்துகொண்டு முழுவதையும் சொன்னேன். காய்ச்சல், பெருங்காயம், தலைத்துண்டு எல்லாம். ஐந்து மாதமாக இந்த ஸ்டோரின் தூளைப் பார்த்தது பாக்கியத்தின் மூக்குதான் என்றேன்.

துலானி ஒரு வார்த்தை விடாமல் சீனத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்று தடுக்க எனக்குத் தெம்பும் இல்லை. வேலையும் போச்சு, ஸ்டோரும் போச்சு, நாலு பேருக்கு முன்னால் ஸ்டெல்லா தலையை எப்படி நிமிர்த்துவாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

லின் அம்மா நெடுநேரம் என்னவோ பேசினார். துலானி சொன்னாள்: "மூன்றாவது கெட்டுப்போனதுதானாம். தெரிந்தே வைத்தாராம். மசாலா போட்டால் எதையும் மறைத்துவிடலாம் என்று நினைக்கிற ஆட்கள் அதிகமாம். இந்த ஈர ஊரில் இதை அடுக்கி வைத்தால், நல்ல பூஞ்சை எது, கெட்டது எது என்று தெரிந்த ஒரு ஆளாவது இருக்க வேண்டுமாம். இதுவரை நாலு ஸ்டோரில் இந்தக் கோப்பையைப் பாராட்டியிருக்கிறார்கள்."

"அஞ்சு" என்றார் பெரியதுரை, என்னைப் பார்த்து.

லின் அம்மா எழுந்துபோய் பாக்கியத்தின் கையைப் பிடித்து மேசைக்குக் கூட்டிவந்தார். கரண்டியைக் கொடுத்தார்.

பாக்கியம் கரண்டியை வாங்கிக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "துப்பணுங்களா, முழுங்கணுங்களா?"

"பிடிக்காட்டி துப்பு."

முதல் கோப்பையைக் குடித்தாள். வாயைச் சப்பிக்கொட்டினாள். இரண்டாவதைக் குடித்தாள். எல்லாரும் காத்திருந்தோம்.

"கல்யாண வீட்டு பிரியாணி மாதிரி இருக்குங்க. எல்லாத்தையும் போட்டு வச்சிருக்காங்க, தேத்தண்ணிய எங்கயும் காணோம். ஏலக்கா வேணாம். வாய மரத்துப்போக வைக்குற அந்த மெளகையும் எடுத்துருங்க, பாவம் ஐயாவப் பாருங்க. கறுவா கொஞ்சம், இஞ்சி கொஞ்சம், கராம்பு ஒண்ணு ரெண்டு. பூவரசு பாதி, நம்ம தூளு பாதி. குடிக்கலாம்ங்க."

அப்படியே கலந்தார்கள். பெரியதுரை பயந்துகொண்டே ஒரு வாய் வைத்தார். பிறகு கோப்பையைக் காலி செய்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார், யாரோ தன்னை ஏமாற்றிவிட்டது போல.

நாற்காலி

லின் அம்மா போன பிறகு பெரியதுரை என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அஞ்சு மாசமா என்னை ஏமாத்தியிருக்கீங்க."

"ஆமாங்க சார்."

"இந்த அஞ்சு மாசத்துல தேயிலை ஏலத்துல நம்ம தூளைப் பத்தி ஒரு குறையும் வரல. முன்னால வந்திருக்கு."

 மேசையை இரண்டு தட்டுத் தட்டினார். "உங்க மூக்கு திரும்பி வர்ற வரைக்கும் பாக்கியம் டேஸ்டிங் அறையில இருக்கட்டும்."

அப்படித்தான் பாக்கியத்துக்கு அங்கே ஒரு நாற்காலி கிடைத்தது. இருபது வருஷம் நின்றே வேலை செய்தவள். முதல் வாரம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள், யாராவது எழும்பச் சொல்வார்கள் என்பது போல. நான் அவளை 'நீங்க' என்று கூப்பிடத் தொடங்கினேன். அவர்தான் கூச்சப்பட்டார். பூவரசு வேலை வந்தது. ஸ்டோர் வாரத்தில் ஐந்து நாள் ஓடியது. கொழுந்தை ஏற்றிப்போகும் பேச்சும் நின்றது.

என் மூக்கும் வந்தது. ஒரேயடியாக வரவில்லை. முதலில் கோணலாக வந்தது. சோப்பு ரப்பர் மாதிரி மணந்தது. ஸ்டெல்லா வைத்த மல்லிகைப்பூ ஈரச் செருப்பு மாதிரி மணந்தது, அதை அவளிடம் சொல்லியும் தொலைத்தேன். இரண்டு மாதத்தில் எல்லாம் அதனதன் வாசத்துக்குத் திரும்பின. ஒரு காலையில் மேசைக் கொழுந்தை அள்ளினேன். பழ வாசம். அப்படியே நின்றேன்.

ஸ்டெல்லாவிடம் மட்டும் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். அப்புறம், "பெரியதுரைகிட்ட சொல்லப்போறீங்களா?" என்றாள்.

"சொல்லணும்தானே."

"சொன்னா பாக்கியத்தைத் திரும்ப மேசைக்கு அனுப்பிருவாரே."

நான் சொல்லவில்லை. மூக்கு இல்லாதபோது இருப்பது போல நடித்தேன். இப்போது இருக்கிற மூக்கை இல்லாதது போல நடிக்க வேண்டியிருந்தது. இதுதான் கஷ்டம், நம்புங்கள். பக்கத்தில் ஒருவர் மாசிக் கருவாட்டுச் சம்பல் பொட்டலத்தைப் பிரிக்கும்போது முகத்தை மாற்றாமல் இருந்து பாருங்கள்.

ஒரு மழைநாள் மதியம், பாக்கியத்துக்கு நல்ல சளி. மூக்கு சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார். எனக்குத் திடீரென்று ரப்பர் கருகும் வாசம் வந்தது. யோசிக்கவில்லை. ஓடினேன். அடுப்பறை மோட்டாரின் பெல்ட் உரசிப் புகையத் தொடங்கியிருந்தது. சுவிட்சை நிறுத்தினேன். இன்னும் பத்து நிமிஷம் விட்டிருந்தால் பக்கத்தில் குவித்திருந்த தூளோடு அந்தப் பக்கமே எரிந்திருக்கும்.

பெரியதுரை ஜீப்பில் வந்து இறங்கினார். பெல்ட்டைப் பார்த்தார். "யாரு கண்டுபிடிச்சது?"

"பாக்கியம்தான் சார். வாசம் அடிக்குதுன்னு சொன்னாங்க. நான் ஓடினேன்."

பாக்கியம் வாயைத் திறந்தார். பேச்சுக்குப் பதில் நாலு தும்மல் வந்தது.

"சளியோடயுமா!" என்று பெரியதுரை வியந்துபோனார். "சேவியர், இவங்களை இனி எங்கயும் அனுப்புறதில்ல. உங்க மூக்கு வந்தாலும் சரி, வராட்டியும் சரி. நிரந்தரமாப் போட்டு நாளைக்கே கடிதம் தாறேன்."

அவர் போனதும் பாக்கியம் மூக்கைச் சீந்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எப்பருந்துங்கய்யா?"

"ஒன்றரை மாசமா."

அவர் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார், அது சளியாகவும் இருக்கலாம். பிறகு அன்றைய கோப்பைகள் அடுக்கியிருந்த தட்டை மெல்ல என் பக்கம் நகர்த்தினார்.

"அப்ப இன்னிக்கு இதையெல்லாம் நீங்களே பாத்துருங்க. எனக்கு ஒரு மண்ணும் மணக்கலங்க."

அன்று பத்துக் கோப்பையையும் நான்தான் பார்த்தேன். டேஸ்டிங் புத்தகத்தில் அவர் பெயரைப் போட்டேன்.